எடை மேடையில் அறுபது கிலோ

மணி ஒன்றே கால் இருக்கும். பெங்களூருக்கு வெளியே, அத்திபெலே தாண்டி, கல்குவாரிப் பக்கம் பிரியும் ஒற்றைப் பாதை. ஒரு பக்கம் தைல மரங்கள். மறு பக்கம் யாரோ மனை வாங்கி, கம்பிவேலி போட்டு, அப்படியே விட்டுவிட்டுப் போன நிலம். தெருவிளக்கு கிடையாது. மழை விட்டு அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. அந்த வழியில் உத்தமன் பைக்கில் போய்க்கொண்டிருந்தார்... கண்ணைத் திறந்து வைத்திருப்பதே பெரும்பாடாக.

உத்தமன் நம் சஞ்சயின் தாய்மாமன். சஞ்சய்க்கு இன்று நைட் ஷிஃப்ட். இல்லாவிட்டால் அவனே இந்த மொட்டை மாடியில் உட்கார்ந்து உங்களுக்குச் சொல்லியிருப்பான். நான் உத்தமன் வாயாலேயே கேட்டேன். அடுகோடியில், அவர் கடையில். ஒரே தடவைதான் சொன்னார். சொல்லி முடிக்கிற வரைக்கும் நாற்காலியை விட்டு எழவில்லை.

கரண்ட் இப்போதைக்கு வராது. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

அவருக்குக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற வேலை. இருபது வருஷமாக. கடை ஒரு ஷட்டர் அகலம்தான். அதில் உட்காருவதும் குறைவு. மருந்துக் கடை, டியூஷன் சென்டர், சின்னச் சின்னப் பட்டறை என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய்க்கொண்டிருப்பார். அன்றைக்குக் காலையிலிருந்து ஒன்பது இடம். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் தட்டில் கை வைத்தார். போன் அடித்தது.

ஓர் எடை மேடையிலிருந்து. லாரியைச் சுமையோடு ஏற்றி எடை போடுவார்களே, தரையோடு தரையாக நீளமாய் ஓர் இரும்பு மேடை, பக்கத்தில் கண்ணாடிக் கேபின்... அதுதான். அங்கே ராத்திரி ஆபரேட்டர் நாணு என்று ஒருவர். ஐம்பது வயது. வேலையில் சேர்ந்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. கம்ப்யூட்டர் ஆன் ஆகிறது, கறுப்புத் திரையில் இரண்டு வரி இங்கிலீஷ் வருகிறது, பிறகு தானே அணைந்துவிடுகிறது என்றார். வெளியே ஏழு லாரி நின்றுகொண்டிருந்தன. விடிவதற்குள் மிஷின் ஓடவில்லை என்றால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று முதலாளி சீனிவாசராகவன் போனில் சொல்லிவிட்டாராம்.

அந்த இரண்டு வரியைப் படிக்கச் சொன்னார் உத்தமன். நாணு எழுத்துக் கூட்டிப் படித்தார். உத்தமனுக்குப் பழகிய வரிதான் அது. யூஎஸ்பியில் செருகியிருக்கும் ஏதோ ஒன்று அளவுக்கு மேல் கரண்ட் இழுக்கிறது, பதினைந்து விநாடியில் அணைத்துக்கொள்ளப் போகிறேன் என்று கம்ப்யூட்டர் சொல்கிற எச்சரிக்கை. பெரும்பாலும் பழைய கீபோர்டாக இருக்கும், இல்லையென்றால் உள்ளே கம்பி வளைந்துபோன ஒரு யூஎஸ்பி ஓட்டை. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஆன் பண்ணச் சொன்னார். பிடுங்கினால் ஒழுங்காக ஆன் ஆகிறது, திரும்பச் செருகினால் அணைகிறது என்றார் நாணு. எதைச் செருகினால் என்று இவர் கேட்டார். லைனில் லாரி எஞ்சின் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் ஓடியது.

"நீங்களே வந்து பார்த்துடுங்க சார்," என்றார் நாணு கடைசியில். "ஸ்வல்ப... கொஞ்சம் தயவு பண்ணுங்க."

உத்தமன் கை கழுவிக்கொண்டு பையை எடுத்தார். அவர் மனைவி ராதா தட்டை இன்னொரு தட்டால் மூடி வைத்தாள்.

வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஓசூர் ரோட்டில் ஒரு மேம்பாலத்தின் கீழ் வெகுநேரம் நின்றார். அங்கேயே பைக் மேல் சாய்ந்து கண் அசந்தும் போனார். அப்படித்தான் ஒன்றே கால் ஆனது.

எடை மேடைக்கு வெளியே ஏழு லாரிகளும் விளக்கை அணைத்து வரிசையாக நின்றன. டிரைவர்கள் உள்ளேயே தூங்கிவிட்டார்கள். டீசல் வாசனை, ஈரத் தார்ப்பாய் வாசனை. உத்தமன் பைக்கை ஓரமாக விட்டுவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடை மேலேயே நடந்து போனார். டங்... டங்... டங்... காலடியில் இரும்பு அதிர்ந்தது. மேடையின் நடுவில் ஒரு இடத்தில் மட்டும் நனைந்த சாக்கு நாற்றம் அடித்தது. பத்து அடி தாண்டியதும் இல்லை. காய்கறி லாரி எதுவோ நின்றுவிட்டுப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

கேபினுக்குள் நாணு மப்ளர் சுற்றிக்கொண்டு எழுந்து நின்றார். உத்தமன் நேராக மேஜைக்கு அடியில் குனிந்து டார்ச் அடித்தார். கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஆறு வயர்கள். கீபோர்டு, மவுஸ், பிரிண்டர், கேமரா, சாஃப்ட்வேர் ஓடுவதற்கான, பென் டிரைவ் மாதிரி ஒரு சின்னச் சாவி, ஆறாவதாக மேடையிலிருந்து எடையைக் கொண்டுவரும் வயர். ஆறையும் பிடுங்கினார். ஆன் பண்ணினார். சத்தமில்லாமல் வந்தது.

பிறகு இந்த வேலையில் எல்லோரும் செய்வதுதான். அணைப்பது, ஒன்றைச் செருகுவது, ஆன் பண்ணுவது, காத்திருப்பது. மறுபடி அணைப்பது, அடுத்ததைச் செருகுவது... கீபோர்டு சரி. மவுஸ் சரி. பழைய கம்ப்யூட்டர், ஒவ்வொரு தடவையும் நாலு நிமிஷம் எடுத்தது. அந்த நாலு நிமிஷத்தில் உத்தமன் சுவரில் தலை சாய்த்துத் தூங்கினார், நாணு தோளைத் தொட்டு எழுப்பினார். பிரிண்டர் சரி. கேமரா சரி. சாவி சரி. ஆறாவது வயரைச் செருகினார்.

கறுப்புத் திரை. இரண்டு வரி. பதினைந்து விநாடி... க்ளக்.

குற்றவாளி கிடைத்துவிட்டது என்று உத்தமனுக்கு நிம்மதி. பையில் அதே மாதிரி ஒரு புது வயர் இருந்தது. மாற்றினார். க்ளக். ஓட்டையை மாற்றிச் செருகிப் பார்த்தார். க்ளக். தலையைச் சொறிந்துகொண்டே நிமிர்ந்தபோதுதான் மேஜை மேல் இருந்த எடை காட்டும் பெட்டியைப் பார்த்தார். சிவப்பு எண்கள்.

60.

கண்ணாடிக்கு வெளியே மேடை காலியாகக் கிடந்தது. முதல் லாரி மேடைக்கு அந்தப் பக்கம், இருபது அடி தள்ளி. யாராவது ஏறி நிற்கிறார்களா என்று கேட்டார். நாணு வெளியே பார்க்கவே இல்லை.

"நான் சேர்ந்த நாள்லேருந்து பதினோரு மணிக்கு மேல அறுபது காட்டும் சார். ஜீரோ பட்டனை அமுக்கிட்டு வேலையைப் பார்ப்பேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இன்னிக்கு ஜீரோ நிக்க மாட்டேங்குது."

உத்தமன் பட்டனை அழுத்தினார். பூஜ்யம். உடனே கம்ப்யூட்டரை ஆன் பண்ணினார், வந்தது. இரண்டு நிமிஷம் கழித்துப் பெட்டியில் மறுபடி அறுபது. அடுத்த நொடி திரை கறுத்து, க்ளக். பூஜ்யம் வைத்தால் வருகிறது, அறுபது வந்தால் போகிறது. எட்டுத் தடவை செய்து பார்த்தாராம். "அந்த நம்பருக்கும் கரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது," என்று என்னிடம் சொன்னார். "எடை அறுபதோ, அறுபதாயிரமோ, வயர்ல போறது வெறும் நம்பர்தான். அது எப்படி மிஷினை அணைக்கும்?" இப்போதும் அந்தக் கேள்விதான் அவருக்குப் பெரிதாக இருந்தது. இருபது வருஷ வேலைக்காரர் இல்லையா.

எட்டாவது தடவைக்குப் பிறகுதான் நாணு கண்ணாவைப் பற்றிச் சொன்னார். நாணுவுக்கு முன்னால் அங்கே ராத்திரி வேலை பார்த்தவர். மாற்று ஆள் நின்றுவிட்டதால் நாலு மாதம் ஒரு நாள் லீவு இல்லாமல் ராத்திரி முழுக்க உட்கார்ந்தாராம். ஒரு நாள் விடியற்காலையில் டிரைவர்கள் வெளியே ஹாரன் அடித்தார்கள். ஆள் மேஜையில் தலை கவிழ்ந்திருந்தார். பாவம், தூங்கட்டும் என்று ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். பிறகு ஒருவன் உள்ளே போய்த் தொட்டுப் பார்த்தான். கன்னம் கீபோர்டில் அழுந்தி, திரை முழுக்க ஒரே எழுத்து, வரி வரியாக ஓடிக்கொண்டே இருந்ததாம். ஒல்லியான மனுஷன். அறுபது கிலோ இருப்பார் என்றார் நாணு.

உத்தமனுக்குப் பயம் வரவில்லை. பயப்படக்கூடத் தெம்பு வேண்டும் இல்லையா. மழைத் தண்ணீர் மேடைக்கு அடியில் இறங்கி எடை தப்பாகக் காட்டுகிறது, அந்த ஈரமே வயர் வழியாக வந்து கம்ப்யூட்டரையும் படுத்துகிறது என்று ஒரு கணக்குப் போட்டார். மேடையின் பக்கவாட்டில் இருந்த இரும்பு மூடியைத் தூக்கி, ஏணிப் படியில் பள்ளத்துக்குள் இறங்கினார்.

உள்ளே நிமிர முடியாது. கணுக்கால் அளவு தண்ணீர். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு வயர்கள் வந்து சேரும் பெட்டியைத் திறந்தார். விரலை விட்டுத் தடவினார். உள்ளே எலும்பு மாதிரிக் காய்ந்திருந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை.

அப்போது தலைக்கு மேல்... டங்.

கொஞ்சம் இடைவெளி விட்டு... டங்.

மேடையின் நடுவிலிருந்து யாரோ நடந்து வந்தார்கள். அவசரமே இல்லாத நடை. காலை இழுத்து இழுத்து வைக்கிற நடை. நாணுதான் என்று நினைத்து, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று கீழிருந்து குரல் கொடுத்தார். பதில் வரவில்லை. நடை அவர் தலைக்கு நேர் மேலே வந்து நின்றது. இரும்புத் தகடு லேசாக முனகியது. துருத்தூள் அவர் பிடரியில் உதிர்ந்தது. அந்த நனைந்த சாக்கு நாற்றம் பள்ளம் முழுக்க நிறைந்தது.

பிறகு தகடு நிமிர்ந்தது. மேலே சுமை இல்லாதது போல... மெல்ல, தானே.

உத்தமன் வெளியே வரப் படியில் கால் வைத்தார். அந்த ஐந்து படி ஏறத் தனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று அவருக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு படியிலும் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு உடம்பை இழுத்தார். மேலே வந்து முட்டி போட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

கேபினில் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு வயரும் செருகியபடி. பெட்டியில் பூஜ்யம். நாணு நாற்காலியை விட்டு அசையவே இல்லை என்றார். "நீங்க கீழ போனீங்க... கொஞ்ச நேரத்துல ஜீரோ ஆயிடுச்சு சார். நானா ஒண்ணும் பண்ணல."

லாரிகளை எழுப்பினார்கள். ஏழும் ஏறி இறங்கின, ஏழுக்கும் ஒழுங்காகச் சீட்டு வந்தது. ஒவ்வொன்றும் இறங்கியதும் பூஜ்யம் பூஜ்யமாகவே நின்றது. நாலு மணிக்கு உத்தமன் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். பைக் இருந்த பக்கம் போக மேடையில் காலை வைக்கப் போனபோது நாணு கேபின் வாசலில் வந்து நின்றார்.

"மேடை மேல நடக்காதீங்க சார். சுத்திப் போயிடுங்க."

உத்தமன் மேடையைச் சுற்றிக்கொண்டு போனார்.

திரும்பும் வழியில் பைக் இழுக்கவே இல்லை. பின் சக்கரம் தரையோடு ஒட்டியது போல் ஓடியது. காற்று இறங்கிவிட்டது என்று நினைத்து, சந்தாபுரத்தில் விடிய விடியத் திறந்திருக்கும் ஒரு பஞ்சர் கடையில் நிறுத்தினார். கடைக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து அரைத் தூக்கத்தில் இருந்தார். எழுந்து அளந்து பார்த்துவிட்டு, காற்று சரியாகத்தான் இருக்கிறது என்றார். பிறகு கொட்டாவி விட்டபடி சொன்னார்: "டபுள்ஸ் வர்றதுக்கு இது பத்தாது அண்ணா. இன்னும் கொஞ்சம் ஏத்திடவா?"

உத்தமன் காற்றை ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

அதன் பிறகு எட்டு நாள். மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார வேண்டியிருந்தது. கால் வீங்கியது. தோள்பட்டை வலித்தது. படுத்தால் புரள முடியவில்லை. தூக்கத்தில் மார்பு அழுந்துகிறது என்று எழுந்து உட்காருவார், உட்கார்ந்தாலும் அதே பாரம். வேலைக்குப் போன இடங்களில் வாடிக்கையாளர்கள் அவரை உட்காரச் சொல்லிவிட்டு, அவர் சொல்லச் சொல்லத் தாங்களே வயரைப் பிடுங்கிச் செருகினார்கள். ராதா தலையணை உறையைத் தினமும் துவைத்தாள். சாக்கு நாற்றம் போகவில்லை என்றாள். மூன்றாம் நாளிலிருந்து அவள் ஹாலில் பாய் விரித்துப் படுத்தாள். சண்டை எதுவும் இல்லை. கட்டிலில் இடம் போதவில்லை என்று மட்டும் சொன்னாள்.

ஒன்பதாம் நாள் அவரை இழுத்துக்கொண்டு பக்கத்து கிளினிக்குக்குப் போனாள். அங்கே நர்ஸ் லீனா அவரை எடை மிஷினில் ஏறச் சொன்னாள். உத்தமன் எழுபதுக்குக் கொஞ்சம் மேல், எப்போதும். மிஷின் நூற்று முப்பத்தொன்று காட்டியது. லீனா அவரை இறங்கச் சொல்லித் தானே ஏறிப் பார்த்தாள். ஐம்பத்திரண்டு. சரியான எடைதான். மறுபடி அவர் ஏறினார். நூற்று முப்பத்தொன்று. மிஷினில் ஏதோ கோளாறு என்று சொல்லிவிட்டு அவள் எடைக் கட்டத்தைக் காலியாகவே விட்டாள். ராதா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்றைக்கே உத்தமன் நாணுவுக்குப் போன் செய்தார். பதினோரு மணிக்கு மேல் அறுபது வருகிறதா என்று மட்டும் கேட்டார்.

"இல்ல சார். அன்னிக்கு ராத்திரியோட நின்னுடுச்சு." பிறகு அவராகவே சொன்னார்: "மன்னிச்சிடுங்க சார். எனக்கு இந்த வேலை போனா வேற கதி இல்ல."

தனக்குக் கோபம் வரவில்லை என்று உத்தமன் என்னிடம் சொன்னார். அவர் யோசித்தது வேறு. நாலு மாதம் லீவு இல்லாமல் உட்கார்ந்த மனுஷன். வீட்டுக்குப் போக வேண்டும் என்று எத்தனை ராத்திரி நினைத்திருப்பான். அந்த மேடையில் ஏறி இறங்குகிற எந்த லாரியும் அவன் வீட்டுப் பக்கம் போகவில்லையோ என்னவோ. யாராவது ஒருவர் கொண்டுபோய் விட வேண்டும், அவ்வளவுதானே... அந்த நினைப்பு வந்ததும் பாரம்கூடக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளலாம் போல் இருந்ததாம். கண்ணாவின் வீடு எங்கே என்று நாணுவிடம் விசாரித்து எழுதிக்கொண்டார்.

இதே ஹெப்பகோடிதான். இங்கிருந்து மூன்றாவது தெரு.

மறுநாள் விடிவதற்கு முன்னால் வந்தார். கண்ணாவின் மனைவி பாகீரதி கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போகிறவள், ஆறு மணிக்குள் போனால்தான் வீட்டில் பிடிக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். தெருவில் ஒரு பால் வண்டி மட்டும். பைக்கை நிறுத்தி இறங்கி, கதவைத் தட்டுவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. தட்டிவிட்டு வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கதவு ஒரு சாண் திறந்தது. பாகீரதி தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டே பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. உத்தமன் தான் யார் என்று சொன்னார், எடை மேடையில் நடந்ததைச் சொன்னார். கோர்வையாக வரவில்லை. அவள் கதவைப் பிடித்தபடி கேட்டாள்.

"அம்மா... உங்க வீட்டுக்காரரை நான் கூட்டிக்கிட்டு வந்திருக்கேன்னு நெனைக்கிறேன்," என்றார். "அவரை எறக்கிக்கோங்கம்மா. என்னால முடியல." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. துக்கத்தில் வந்த அழுகை இல்லை, அலுப்பில் வந்தது என்று என்னிடம் சொன்னார்.

பாகீரதி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பயந்தவள் மாதிரி இல்லை. தினமும் சொல்லிச் சலித்துப்போன ஒன்றைச் சொல்வதுபோல் சொன்னாள்.

"அவரு பதினாறாம் நாளே வந்துட்டாரு சார். தூக்கம் போதாம செத்தவரு இல்லியா... வந்ததுலேருந்து தூங்கிக்கிட்டேதான் இருக்காரு."

உத்தமனுக்கு முதலில் புரியவில்லை.

அவள் மூக்கைச் சுளித்துக் காற்றை மோந்தாள். பார்வை அவர் முகத்திலிருந்து மெல்ல நகர்ந்து அவர் தோளுக்குப் போனது. அங்கேயே நின்றது. ஒரு அடி பின்வாங்கினாள்.

"இது யாருன்னு எனக்குத் தெரியாது சார்."

உள்ளே இருட்டில் ஒரு கட்டில் கிரீச்சிட்டது. படுத்திருந்த யாரோ எழுந்து உட்காருகிற சத்தம். பாகீரதி தலையைத் திருப்பி, பக்கத்து அறையில் இருக்கிறவரிடம் பேசுகிற சாதாரணக் குரலில் சொன்னாள்:

"நீங்க எழுந்திரிக்காதீங்க, படுங்க. நமக்குத் தெரிஞ்சவங்க இல்ல."

பிறகு கதவைச் சாத்தி, மேல் தாழ்ப்பாளையும் போட்டாள்.